தாடைக்குக் கீழே ஒரு ‘கிளிக்’

ஹெல்மெட் சட்டம் நம் தலை வரை வந்துவிட்டது. அதற்குக் கீழே இருக்கும் வார் யாருடைய பொறுப்பு?

காலை எட்டே முக்கால் மணி. தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு டீக்கடை. கடைக்கு அந்தப் பக்கம் சாலை லேசாக வளைகிறது. வளைவைத் தாண்டினால் போக்குவரத்துப் போலீஸார் நிற்கிறார்கள். கடை வாசலில் நின்றால் அவர்கள் தெரியமாட்டார்கள். ஆனால் செக்கிங் இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எதிர்த்திசையில் வருகிறவர்கள் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்து, உள்ளங்கையால் தலையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போகிறார்கள். முன்பின் தெரியாதவருக்குச் செய்யும் உதவி அது.

உடனே வண்டிகள் ஓரங்கட்டுகின்றன. முழங்கையில் மாட்டியிருந்த ஹெல்மெட், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த ஹெல்மெட், கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட் என எல்லாம் தலைக்கு ஏறுகின்றன. எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். அப்போதுதான் அந்தக் குடும்பம் வந்து நின்றது. ஸ்கூட்டரின் முன்னால் கைப்பிடியைப் பிடித்து நிற்கும் நாலு வயதுப் பையன். நடுவில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. பின்னால் அம்மா, அவர் மடியில் இரண்டு சாப்பாட்டுக் கூடைகள். அப்பா இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தார். தன் தலையில் வைத்துக்கொண்டார். வாரை மாட்டவில்லை. அது காதுக்கருகே ஆடிக்கொண்டிருக்க, வண்டி வளைவைக் கடந்து போனது. யாரும் நிறுத்தவில்லை.

நான்கு தலைகள், ஒரு ஹெல்மெட். அந்த ஒன்றும் போலீஸ் முதலில் பார்க்கும் தலைக்குத்தான். அந்த அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவராகத்தான் அவர் இருப்பார். அப்படிப்பட்ட மனிதரின் கணக்கில்கூட ஹெல்மெட் என்பது விபத்துக்கான பொருளாக இல்லாமல் போலீஸுக்கான பொருளாக எப்படி மாறியது? இந்தக் கட்டுரை தேடிப் போனது அந்தக் கேள்விக்குப் பின்னால்தான்.

ஒரு மரணத்தில் தொடங்கிய கதை

1935 மே மாதம் இங்கிலாந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்புகிறார், தூக்கி எறியப்படுகிறார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோகிறார். அவர் டி.இ. லாரன்ஸ், ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று உலகம் அறிந்தவர். அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை நரம்பு அறுவை நிபுணர். அந்த மரணம் கெய்ர்ன்ஸை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் வீரர்களின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று 1941இல் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே கட்டாயமானது 1973இல்தான். கெய்ர்ன்ஸ் அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார்.

ஓர் உண்மை நிரூபணமாவதற்கும் அது விதியாவதற்கும் நடுவே அங்கே முப்பது வருடம் ஓடியது. விதியாகிப் பழக்கமாவதற்கு நமக்கு எத்தனை வருடம் என்று இன்னும் கணக்கு முடியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் வந்தது. அதன் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டைப் பற்றித்தான் பேசுகிறது. தமிழகத்தில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றார்கள். சில வாரங்களில் வேகம் தணிந்தது. 2015இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன் ஜூலை 1 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டார். அந்த ஜூன் கடைசியில் ஹெல்மெட் கடைகளில் நின்ற வரிசை பலருக்கு நினைவிருக்கும். 2022 மே மாதம் சென்னையில் பின்னால் உட்காருபவருக்கும் கண்டிப்பாக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது.

ஒரே விதியை இத்தனை முறை அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், அது அத்தனை முறை மறக்கப்பட்டது என்றுதான் பொருள்.

┌─────────────
பெட்டிச் செய்தி: 2022 சொல்லும் கணக்கு
(மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைப்படி)

இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள்: 1,68,491
இவர்களில் டூவீலரில் சென்றவர்கள்: 74,897
ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள்: 50,029 (ஓட்டியவர்கள் 35,692, பின்னால் இருந்தவர்கள் 14,337)
தமிழ்நாட்டில் விபத்துகள்: 64,105 (நாட்டிலேயே அதிகம்)
தமிழ்நாட்டில் இறந்தவர்கள்: 17,884 (உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்)
─────────────┘

தமிழ்நாட்டில் மட்டும் சராசரியாக ஒரு நாளைக்கு 49 பேர். ஒரு டவுன் பஸ்ஸின் இருக்கைகள் நிறையும்.

‘பக்கத்துலதான் சார் போறேன்’

செக்கிங்கில் நிற்கும் எந்தக் காவலரைக் கேட்டாலும் சொல்வார், அவர்கள் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான் என்று. பால் வாங்க, பையனை டியூஷனில் விட, தெருமுனைக் கடைக்கு. பக்கம் என்றால் ஆபத்தில்லை என்பது நம் கணக்கு.

இதைக் கொஞ்சம் பௌதிகமாகப் பார்ப்போம். வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது தலை தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கால் வழுக்கி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, எதுவும் தடுக்காமல் விழுந்தால், தலை தரையைத் தொடும் கணத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வண்டியின் வேகம் இதில் சேரவில்லை. பூமியின் இழுப்பு மட்டும்தான். தெருமுனைக் கடையின் தார்ச்சாலையும் நெடுஞ்சாலையின் தார்ச்சாலையும் மண்டைக்கு ஒரே கடினம்தான்.

ஹெல்மெட் என்ன செய்கிறது? பளபளக்கும் வெளி ஓட்டைத்தான் பார்த்து வாங்குகிறோம். உயிரைக் காப்பதில் பெரும்பங்கு உள்ளேயிருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்குக்கு. மோதும் கணத்தில் அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு ஆகும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தலையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. மூளை மண்டையோட்டின் உட்சுவரில் போய் அறைவது தணிகிறது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான காக்ரன் மதிப்பாய்வு, ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்றது.

இத்தனையும் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. மோதும் நேரத்தில் ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும்.

என் சித்தப்பா மகன் விழுந்தபோது அது தலையில் இல்லை. அணிந்துதான் போனான். பத்து நிமிடத்துக்கு முன்புதான் ஒரு செக்கிங்கைக் கடந்திருந்தான். வாரை மாட்டவில்லை. மழை தூறிய இரவு, வெள்ளைக்கோடு போடாத ஒரு வேகத்தடை. வண்டி துள்ளியதும் ஹெல்மெட் முதலில் பறந்தது, பிறகு அவன். சாலையோரத்தில் கிடந்த ஹெல்மெட்டை மறுநாள் யாரோ வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் ஒரு கீறல் இல்லை. சித்தி அதைப் பரண்மேல் போட்டுவைத்திருக்கிறார். தூக்கியெறியவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

பிழைத்தவர்களின் கணக்கு யாரிடம்?

இறந்தவர்களை எண்ண ஆண்டறிக்கை இருக்கிறது. பிழைத்தவர்களின் வாழ்க்கை அதில் வராது.

அவன் பிழைத்தான். மண்டையோட்டுக்குள் ரத்தக்கட்டு, அறுவை சிகிச்சை, பதினோரு நாள் ஐ.சி.யூ. வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னோம். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவனுக்கு வாசனை போய்விட்டது. தலைக்காயத்தில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுபடுவது அபூர்வமில்லை என்று டாக்டர் சொன்னார். அடுப்பில் பால் தீய்ந்தால் தெரியாது. கேஸ் கசிந்தால் தெரியாது. பிறந்த குழந்தையைத் தூக்கி உச்சி முகர்ந்துவிட்டு, எதுவும் வராமல் அவன் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் கோபம். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவான். அரை மணி கழித்து அழுவான். அது அவன் சுபாவமில்லை என்று அவன் மனைவிக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. அதற்குள் அவளுடைய நகைகள் அடகுக்குப் போய், ஏலத்துக்கும் போயிருந்தன. வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள், ஆனால் பழைய வேலையை இல்லை.

‘என் தலை, என் இஷ்டம்’ என்று சொல்பவர்களிடம் வாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. அந்த வீட்டைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தலை அவனுடையதுதான். மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தது சித்தி. வட்டி கட்டியது அவன் மனைவி. கோபத்துக்குப் பயந்து வளர்வது அந்தக் குழந்தை.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எவருக்கும், எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். போற்ற வேண்டிய திட்டம். அது வரிப்பணத்தில் நடப்பது. உடலுறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. மூளைச்சாவுச் செய்திகளைப் படிக்கும்போது கவனியுங்கள், எத்தனையில் ‘இருசக்கர வாகனத்தில் சென்றபோது’ என்ற வரி வருகிறது என்று. அந்தக் குடும்பங்களின் பெருந்தன்மைக்கு முன்னால் தலை தாழ்கிறது. அந்தத் தானத்துக்கான தருணமே வராமல் போயிருக்கலாமே என்ற ஆதங்கமும் கூடவே வருகிறது.

சுதந்திரம் என்ற கேள்வி

ஆனாலும் எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பிரிட்டனில் ஃப்ரெட் ஹில் என்ற முதியவர் இருந்தார். கட்டாய ஹெல்மெட் தனிமனித உரிமையில் தலையிடுவது என்று கருதி, அணிய மறுத்து, அபராதமும் கட்ட மறுத்து, பலமுறை சிறை சென்றார். 1984இல் சிறைத் தண்டனை அனுபவிக்கும்போதே இறந்தார். அமெரிக்காவில் 1975க்குள் 47 மாநிலங்களில் ஹெல்மெட் சட்டம் இருந்தது. சட்டம் போடாவிட்டால் நெடுஞ்சாலை நிதி குறையும் என்ற நெருக்கடியால் வந்தது அது. 1976இல் நாடாளுமன்றம் அந்த நெருக்கடியை நீக்கியதும் மாநிலங்கள் வரிசையாகச் சட்டத்தைத் தளர்த்தின. இன்று இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் மூன்றிலும் பெரியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமே இல்லை.

நமக்கு அருகிலேயே புதுச்சேரி இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சாலையில் இறங்கி வண்டிகளை நிறுத்தினார். முதலில் விழிப்புணர்வு, பிறகு படிப்படியாகக் கட்டாயம் என்றார் அன்றைய முதல்வர் நாராயணசாமி. மோதல் முற்றி, முதல்வர் ஆளுநர் மாளிகை வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் ஹெல்மெட்டும் ஒன்று.

‘இன்று ஹெல்மெட், நாளை நான் சாப்பிடும் உப்புக்கும் சர்க்கரைக்கும் கணக்குக் கேட்பார்களா?’ என்ற அச்சம் நியாயமானது. எங்கே நிறுத்துவது என்று அரசாங்கங்களுக்கு எப்போதும் தெரிந்ததில்லை. என் அளவுகோல் எளியது. சுமை சிறிதாகவும், தவறினால் திரும்பப் பெற முடியாததாகவும், விலையைக் கட்டுவது இன்னொருவராகவும் இருந்தால் விதி இருக்கலாம். சுமார் ஒன்றேகால் கிலோ எடையுள்ள ஒரு பொருள், ஒரு மூளை, ஒரு குடும்பம். ஹெல்மெட் இந்தக் கணக்கில் தேறுகிறது. என் சாப்பாட்டுத் தட்டு தேறாது.

விதி துரத்தினால் என்ன ஆகும்?

விதி சரி என்பதால் அதை அமல்படுத்தும் முறையெல்லாம் சரியாகிவிடாது. 2018 மார்ச் 7 இரவு திருச்சி துவாக்குடி அருகே ஒரு தம்பதி பைக்கில் போனார்கள். ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போனார்கள் என்று போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று வண்டியை எட்டி உதைத்தார். அந்தப் பெண் விழுந்து இறந்தார். ஆயிரக்கணக்கானோர் சாலையில் திரண்டார்கள். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். உயிரைக் காப்பதற்கென்று வந்த விதியின் பெயரால் ஓர் உயிர் போனது. அந்த இரவுக்குப் பிறகு துரத்திப் பிடிப்பதை ஆதரிக்க எந்த வாதமும் மிச்சமில்லை என்பதே என் கருத்து. வண்டி எண்ணைப் படமெடுக்கக் கேமரா இருக்கிறது. அபராதச் சீட்டு கைப்பேசிக்கே வருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே சட்டவிரோதமாக வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பொறியாளர் விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பேனரை வைத்தவருக்கும், வைக்க விட்டவருக்கும் பொறுப்பு இல்லையா? வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை, மூடாமல் விட்ட கேபிள் பள்ளம், எரியாத தெருவிளக்கு ஆகியவற்றுக்கு யார் கைப்பேசிக்கு அபராதச் சீட்டு போகிறது? என்னிடம் ஆயிரம் ரூபாய் கேட்கும் அரசை, அந்தப் பள்ளத்தைக் காட்டி நான் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் பள்ளத்தைக் காரணம் காட்டி ஹெல்மெட்டைக் கழற்றுவது, கூரை ஒழுகுகிறது என்று குடையை வீசுவதற்குச் சமம்.

┌─────────────
பெட்டிச் செய்தி: சட்டத்தில் இருக்கிறது, தெரியுமா?

• ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதத்துடன் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்புக்கும் சட்டத்தில் இடம் உண்டு. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். டர்பன் அணிந்த சீக்கியர்களுக்கு விலக்கு.
• ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை டூவீலரில் அழைத்துச் சென்றால் குழந்தைக்கான ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது.
• 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து.
• 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம்.
─────────────┘

போலீஸுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று

பெட்டிச் செய்தியின் கடைசி வரியை மறுபடி படித்துவிட்டு எந்த ஊர்ச் சாலையோரத்திலும் தார்ப்பாய் விரித்து அடுக்கியிருக்கும் ஹெல்மெட்டுகளைப் பாருங்கள். அவற்றில் சிலவற்றைக் கட்டைவிரலால் அழுத்தினாலே ஓடு உள்ளே போகிறது. உள்ளே தெர்மாகோல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஸ்பாஞ்சு. வாங்குபவருக்கும் அது தெரியும். போலீஸிடமிருந்து தப்பிக்க அது போதும் என்பதும் தெரியும். கட்டடத் தொழிலாளியின் மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறோமே, அவர்களுடைய எண்ணமும் அதுதான்.

பயம் மட்டுமே ஆட்களை ஓட்டும்போது இப்படித்தான் நடக்கும். அதற்காகப் பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வியட்நாமில் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும், ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. ஏறக்குறைய ஒரே இரவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அணியத் தொடங்கினார்கள். எல்லாச் சாலையிலும், எல்லா நாளும், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததால் யாரும் அதை அவமானமாக நினைக்கவில்லை. நம்மூரில் செக்கிங் என்பது மாதக் கடைசியில், குறிப்பிட்ட சிக்னலில் என்று மக்கள் பழகியிருக்கிறார்கள். எதிர்பாராததுதான் பயப்படுத்தும், வழக்கமாகிவிட்டதற்குச் சுற்றுவழி பிறந்துவிடும்.

ஒரு விதி பயத்திலிருந்து பழக்கத்துக்கு மாறுவதை நாமே பார்த்திருக்கிறோம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும், பஸ்ஸுக்குள் பீடி புகைந்த காலம். தியேட்டரில் திரைக்கும் நமக்கும் நடுவே புகை மிதந்த காலம். பொது இடங்களில் புகைக்க நாடு முழுவதும் தடை 2008 அக்டோபர் 2இல் வந்தது. இன்று பஸ்ஸில் யாராவது பற்றவைத்தால் போலீஸ் வர வேண்டியதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் போதும், ‘என்ன சார் இது?’ என்று கேட்க. அதே தமிழகத்தில் 2019 ஜனவரி 1இல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தோம். கொஞ்ச நாள் காணாமல் போன பை, காய்கறிக் கடையில் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. அங்கே ‘என்ன இது?’ என்று கேட்க ஆளில்லை.

வித்தியாசம் அங்கேதான் என்று நினைக்கிறேன். விதி நிலைப்பது அதைக் கேட்க ஆள் இருக்கும் இடத்தில். புகை பக்கத்தில் இருப்பவரைச் சுடுகிறது, அவர் கேட்கிறார். ஹெல்மெட் இல்லாத தலை சாலையில் போகிற யாரையும் சுடுவதில்லை. அதனால் சாலையில் யாரும் கேட்க மாட்டார்கள். எதிரே வருகிறவர் செக்கிங் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்து உதவிதான் செய்வார். கேட்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்: வாசலில் நின்று ‘பாத்துப் போ’ என்று சொல்லும் அம்மா, ‘சாயங்காலம் சீக்கிரம் வாங்க’ என்று சொல்லும் மனைவி, டாட்டா காட்டும் பிள்ளை. ‘பாத்துப் போ’வோடு சேர்த்து ‘மாட்டிட்டியா?’ என்ற ஒரு சொல் வர வேண்டும்.

நடைமுறையில், ஹெல்மெட்டைத் தலையில் ஏற்றும் வரைதான் சட்டத்தின் கை நீளும். வாரை மாட்டியிருக்கிறோமா என்று எந்தக் கேமராவும் ஒழுங்காகப் பார்த்துவிட முடியாது. அந்த ‘கிளிக்’ நமக்கு மட்டும் கேட்கும் சத்தம்.

மல்லிகைப் பூவின் நியாயம்

பின்னால் உட்காரும் பெண்களிடம் ஏன் அணிவதில்லை என்று கேட்டால், ஆண்கள் பெரும்பாலும் கேலி செய்யும் ஒரு பதில் வரும்: கொண்டை, பூ. நான் அதைக் கேலிக்குரியதாக நினைக்கவில்லை. கொண்டை போட்டால் நம் கடைகளில் கிடைக்கும் ஹெல்மெட் தலையில் இறங்காது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ ஆசையாக வைத்துக்கொண்ட பூ, போய்ச் சேர்வதற்குள் கசங்கிவிடும். இந்த நாட்டில் பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட் இல்லாமல் 2022இல் இறந்த 14,337 பேரைப் பற்றி யோசித்த யாராவது, பின்னலையும் பூவையும் மனதில் வைத்து ஒரு ஹெல்மெட்டை வடிவமைத்துப் பரவலாகக் கடைக்குக் கொண்டுவர வேண்டும்.

அது வரும்வரை என்ன செய்வது என்று என் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். சித்தப்பா மகன் விழுந்த மறுமாதம் அவருக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தேன். அறுபத்தெட்டு வயதில் எனக்கு எதுக்குப்பா இது என்று இரண்டு வாரம் அதைத் தொடவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் வண்டியை எடுத்தபோது, கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வெளியே வந்தார். உள்ளே ஈரத்துணியில் சுற்றிய இரண்டு முழம் மல்லிகை. டப்பாவை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, வாரை மாட்டத் தெரியாமல் என் பக்கம் தாடையை நீட்டினார். மாட்டிவிட்டேன். கோயில் வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வண்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பூவை வைத்துக்கொண்டார்.